தின்று பார்த்தவள்

குன்னத்துகாலில் ஐப்பசியில் பெய்யும் துலா மாசத்து மழை மத்தியானத்துக்கு மேல்தான் வரும். காலையில் வெயில் நன்றாக அடிக்கும். ரப்பர் மரங்களுக்கு இடையே துணி காயப் போடுவார்கள், கிழங்கு அரிந்து பாறையில் உலர்த்துவார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு கிழக்கே மலைப் பக்கம் கறுக்கும். முதல் இடி கேட்டதும் பெண்கள் பாறைக்கு ஓடுவார்கள். ஓட்டத்தில் பாதிக் கிழங்கு நனைந்துவிடும்.

அந்த வருடம் அந்த மழை தொடங்குவதற்கு முன்னாலேயே அண்டியாப்பீசை அடைத்துவிட்டார்கள். முந்திரிக்கொட்டையை வறுத்து உடைத்துப் பருப்பெடுக்கும் ஆலைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். முதலாளிக்குக் கொட்டை வரவில்லை என்றார்கள், கோர்ட்டில் வழக்கு என்றார்கள். காரணம் எதுவானாலும், விடிந்ததும் தூக்குச் சட்டியோடு நடந்து போகும் பெண்கள் கூட்டம் ஒரு நாளில் இல்லாமல் போயிற்று.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தி ஆனந்தபாய். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கொட்டை உடைத்தவள். முந்திரித்தோட்டின் பால் பட்டுப் பட்டு அவளுடைய விரல் நுனிகள் கறுத்துப் போயிருந்தன. சாம்பல் தேய்த்துக் கழுவினாலும் அந்தக் கறுப்பு போகாது. புருஷன் ராஜதாஸ் காரக்கோணத்தில் ஒருவருடைய தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை. ஒரே மகள் மினி பத்தாம் வகுப்பு.

ஆலை அடைத்த கொஞ்ச நாளில் ஜெயதாஸ் வந்தான். கொல்லத்து ஆலைகளுக்கு இங்கிருந்து பெண்களைக் கூட்டிப் போகிறவன் அவன். ஆள் நேர்மையானவன், உள்ளதைத்தான் சொல்லுவான்.

"தங்கதுக்கு எடம் உண்டு மைனி. மாசத்துல ஒருக்கா வீட்டுக்கு வரலாம். ஆப்பீசுல ஒங்கக்கூட இருந்த ஓமனாவும் வாறா, இங்க உள்ள வேற பொம்பிளையளும் வாறாவ. நீங்க வாறதுன்னா கிறிஸ்மசுக்கு முன்ன ஏறணும்."

"மாசத்துல ஒருக்காவா?" என்றாள் ஆனந்தபாய். "பிள்ளைக்குப் பத்தாங் கிளாசாக்கும்."

"எல்லாருக்கும் வீட்டுல பிள்ளைய உண்டு மைனி."

"கொஞ்சம் பொறு. நான் ஒரு காரியம் செய்து பாக்குதேன். அது செரியாவல்லன்னா வாறேன்."

அவள் மனசில் வைத்திருந்த காரியம் கேக். பாறசாலையில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குப் பாத்திரம் கழுவப் போன இடத்தில் அதைப் பார்த்திருந்தாள். பெரிய அலுமினியச் சருவத்தில் மணலைக் கொட்டி, அதற்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி மூடி, அடியிலும் மூடியின் மேலும் தேங்காய்ச் சிரட்டைக் கனல் போட்டு வேக வைத்தார்கள். கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு அந்த அடுப்பின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். கிறிஸ்மசுக்கு எல்லா வீட்டுக்கும் கேக் வேண்டும். பேக்கரி கேக் வாங்க எல்லோராலும் முடியாது. வீட்டில் இருந்தே சுட்டுக் கொடுத்தால் கொல்லத்துக்குப் போக வேண்டாம்.

வீட்டில் சில தடவை சுட்டுப் பார்த்தாள். முதலாவது அப்பளம் போல இருந்தது. பிறகு எழும்பியது. ராஜதாஸ் ஒவ்வொன்றையும் தின்று "கொள்ளாம்" என்றான், நன்றாக இருக்கிறது என்று. அறுப்பின் பண்டிகைக்கு ஆலயத்தில் ஒன்றைக் கொண்டு வைத்துவிட்டுத் தொழிலைத் தொடங்குவது என்று அவள் தீர்மானித்தாள். முதல் பலனை ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டுத் தொடங்கும் காரியம் வழி தவறாது என்பது அவளுடைய நம்பிக்கை.

அந்த நம்பிக்கையில்தான் அவள் பிசகினாள். ஆண்டவருக்குக் கொண்டு போகிறது உள்ளே வேகாமல் இருந்துவிடக் கூடாது என்று, வழக்கத்தைவிட அதிகமாகக் கனல் போட்டாள். எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்காமல் ஒரு கீர்த்தனை முழுக்கப் பாடி முடித்தாள். திறந்தபோது மேலே நல்ல நிறம். அடி கரிந்திருந்தது. வேறொன்று சுட முட்டையும் இல்லை, நேரமும் இல்லை. நேர்ந்துகொண்டதை நேர்ந்துகொண்டபடியே வைக்க வேண்டும் என்று வாழையிலையில் வைத்துக் கொண்டு போனாள்.

அறுப்பின் பண்டிகை அன்று ஆலயத்தில் காலெடுத்து வைக்க இடம் இருக்காது. ஏத்தன் வாழைக்குலை, சேனை, காய்ச்சில் கிழங்கு, தேங்காய், பூசணிக்காய், காலைக் கட்டிய கோழி, ஒரு வருடம் ஒரு கன்றுக்குட்டிகூட. ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். ஏலம் கூப்பிடுகிறவர் எலியா. பனச்சமூடு ரோட்டில் மைக்செட் வாடகைக்குக் கொடுப்பவர். அவர் கூப்பிட்டால்தான் விலை ஏறும். ஏனென்றால் எதை எடுத்தாலும் அதைக் கேலி செய்யாமல் கூப்பிட மாட்டார். கேலி செய்யச் செய்ய ஜனங்கள் சிரிப்பார்கள். சிரித்த வாயோடு விலையைக் கூட்டிக் கேட்பார்கள். வருஷா வருஷம் அப்படித்தான்.

"இந்த வாழக்கொலையப் பாருங்க. லெந்து காலம் முழுக்க உபவாசம் இருந்த கொலையாக்கும். அதான் இப்படி மெலிஞ்சு போச்சு. ஒரு தரம்..."

கோழியைத் தூக்கிக் காட்டினார். "இந்தக் கோழி ஞாயிற்றுக்கெழம முட்ட இடாது. ஓய்வு நாள் ஆசரிக்கக்கூடிய கோழி. வேற எங்கயும் கெடைக்காது."

போதகரும் சிரித்துவிட்டார். அப்போதுதான் எலியா வாழையிலையைத் தூக்கினார்.

"இது என்ன சாதனம்?"

"கேக்கு, கேக்கு" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

"கேக்கா? நான் அண்டியாப்பீசுல வறுத்துத் தட்டினதாக்கும்னு நெனச்சேன். ஆப்பீசு அடச்சாலும் அடுப்பு அணையல்ல, ஸ்தோத்திரம்."

முற்றம் முழுக்கச் சிரித்தது. எலியா மைக்கைக் கேக்கின் அடியில் பிடித்து விரல் முட்டியால் தட்டினார். டக் டக் என்று ஒலிபெருக்கியில் கேட்டது. "கதவு மாதிரி கேக்குது. உள்ள ஆளு உண்டா? ஆரும் தொறக்கல்லியே."

சிரிப்பு அடங்கவில்லை. ஒருவரும் விலை கேட்கவும் இல்லை. ஆனந்தபாய் பெண்கள் வரிசையில் தலைக்கு மேல் முக்காடு போட்டு நின்றாள். கறுத்த விரல்களை முந்தானைக்குள் மறைத்தாள். அவள் நிற்கும் நிலையைக் கண்டு ராஜதாஸ் ஒரு காரியம் செய்தான். கையைத் தூக்கி விலை கேட்டான்.

கொண்டு வந்த வீட்டார் தங்கள் பொருளைத் தாங்களே ஏலத்தில் கேட்பதில்லை. அந்தச் சபையில் எந்தச் சிறு பிள்ளைக்கும் அது தெரியும். ராஜதாசுக்கும் தெரியும். அந்த நேரத்தில் மறந்துவிட்டான்.

"எலே ராஜதாசே," என்றார் எலியா, "ஒனக்க வீட்டுச் சாமான நீயே எடுக்கவாலே இத்தற தூரம் தூக்கிக்கொண்டு வந்தா? வீட்டுலயே வச்சுத் தின்னிருந்தா நடையாவது மிச்சமாயிருக்குமே."

இந்தச் சிரிப்பு முன்னதைவிடப் பெரிது. ஆனந்தபாய் தலையைத் தூக்கி அந்தப் பக்கம் பார்த்தாள். ஓய்வுநாள் பள்ளிப் பெண்கள் கூட்டமாக நின்ற இடத்தில் மினி தாவணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்ச தா எலியா" என்று பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. சத்தியபாய். மிஷன் ஆசுபத்திரியில் நோயாளிகளுக்குக் கஞ்சி வைக்கிறவள். அவள் வாயால் ஒருவரையும் நல்லது சொல்லிக் கேட்டதில்லை. பிரசங்கம் எப்படி என்று போதகரம்மா கேட்டபோது "நீளம்" என்று சொன்னவள். "ஆளுகளுக்கு வீட்டுக்குப் போவாண்டாமா? நேரம் போவுது. நான் எடுத்தேன்."

நல்ல மனிதர்கள் கூடிய இடம்தான் அது. அங்கே ஒருவருக்கும் ஆனந்தபாயிடம் பகை கிடையாது. பகை இல்லாத சிரிப்பும் மழை போலத்தான். குடையில்லாதவர் நனைந்து போவார்.

மறுநாள் குழாயடியில் பெண்கள் அவளுக்கு இடம் விட்டார்கள். அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை. குடத்தை எடுத்துத் திரும்பும்போது ஒரு பொடியன் குடத்தில் டக் டக் என்று தட்டிவிட்டு ஓடினான். வீட்டுக்கு வந்ததும் சருவத்து மணலை வாழைமூட்டில் கொட்டினாள். மீதி மாவைத் தோசைக்குக் கலக்கினாள். திராட்சைப் பொட்டலத்தை மினியிடம் தூக்கிப் போட்டாள். "தின்னு."

அன்று சாயந்திரம் மழையில் ஒழுகும் கூரைக்கு அடியில் மூன்று பேரும் கஞ்சி குடித்தார்கள். தொட்டுக்கொள்ளப் பயறும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தியும். ராஜதாஸ்தான் பேச்சை எடுத்தான்.

"அவரு எப்பவும் கேலி பேசிக் களியாக்குத ஆளுல்லியா. விடு. கேக்கு கொள்ளாமாட்டு இருந்தது."

"நீங்க தின்னியளா அத?"

"அத தின்னல்ல. முந்தி சுட்டத..."

"முந்தி சுட்ட முதலாவது கேக்கு பப்படம் மாதிரி இருந்தது. அதையும் கொள்ளாம்னு சொன்னிய. உப்பு போடாத்த கறியும் கொள்ளாம். கூர ஒழுகுதும் கொள்ளாம். ஒங்க வாயில வேற சொல்லு உண்டா?"

அவன் கஞ்சியைக் கலக்கினான்.

"முந்தி சுட்டப்ப நீங்க ஒருக்கா, 'ஏட்டி, அடி கரியுது'ன்னு சொல்லியிருந்தா நான் நாலு பேரு முன்ன இப்படிக் கொண்டு வச்சிருக்கமாட்டேன்."

"ஒனக்கு வெசனமாவும்னு..."

"இப்ப எனக்குச் சந்தோசமா?"

விடிந்ததும் அவள் ஜெயதாசின் வீட்டுக்கு நடந்தாள். வரப்போகிற திங்கட்கிழமை வண்டியில் தனக்கும் ஓர் இடம் சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த வாரம் அவள் வீட்டை ஒதுக்கினாள். மகளுக்குச் சோறு வடிக்கவும் மீன் கழுவவும் சொல்லிக் கொடுத்தாள். வேலையெல்லாம் செய்தாள், ஆனால் எதிலும் மனசு இல்லை. கீர்த்தனை பாடிக்கொண்டே வேலை செய்கிறவள் வாய் மூடியே இருந்தாள். ராத்திரி ஜெபத்தில் "எங்களைக் காத்தருளும்" என்று மட்டும் சொல்லி முடித்தாள். முன்னெல்லாம் அந்த ஜெபம் முடியுமுன் மினி தூங்கிவிடுவாள்.

வியாழக்கிழமை மழையோடு சத்தியபாய் வந்தாள். குடையை வாசலில் சாய்த்து, சேலையைப் பிழிந்துவிட்டு, கேட்காமலே உள்ளே வந்து பலகையில் உட்கார்ந்தாள். மடியிலிருந்து ஒரு பொதியை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே கேக்கில் ஒரு துண்டு.

ஆனந்தபாயின் முகம் மாறியது. "இத என்னத்துக்கு அக்கா கொண்டு வந்திய? இதையும் தட்டிப் பாக்கவா?"

"எனக்குத் தட்ட நேரமில்ல பிள்ளே. நான் தின்னேன்."

"முழுசும் தின்னியளா?"

"அடிய அரிஞ்சு களஞ்சேன். அது கரி. ஆடு மாடு திங்காது. மேல உள்ளத நானும் தின்னேன், வீட்டுல மாமனாரும் தின்னாரு. அவருக்குப் பல்லு கெடையாது. திரும்பக் கேட்டாரு."

"எனக்க மனசு நோவாண்டாம்னு சொல்லுதிய."

"நான் ஆருக்காவது மனசு நோவாண்டாம்னு பேசி நீ கேட்டதுண்டா?"

ஆனந்தபாய் யோசித்துப் பார்த்தாள். கேட்டதில்லைதான்.

"கராம்பு அதிகம்" என்றாள் சத்தியபாய். "வாயில போட்டா ஆசுபத்திரியில பல்லுக்கு வைக்கிய பஞ்சு மாதிரி இருக்கு. பாதி போட்டாப் போதும். பின்ன, சருவத்துல மணலு நீ எத்தற போட்டா?"

"கொஞ்சம்."

"அதான் கரிஞ்சது. ஒரு சாண் வேணும். நான் தெனமும் அண்டாவுல கஞ்சி வைக்கியவ. அடி பிடிக்கது எனக்குத் தெரியாதா. கனலு அடியில கொறைக்கணும், மேல கூட்டணும்."

ஆனந்தபாய் கதவு நிலையில் சாய்ந்து மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவள் வந்து இன்னும் நாலு குற்றம் சொல்கிறாளே என்று மனசு கொதித்தது. போய்விட்டு வாருங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இனிப்பு?" என்று கேட்டாள்.

"இனிப்பு செரி. அதுல கை வைக்காத."

மழை கூரையில் கொட்டியது. சத்தியபாய் பொதியை மடக்கினாள்.

"ஞாயிற்றுக்கெழம ஒண்ணு சுடு. நான் தின்னு பாத்துட்டுச் சொல்லுதேன்."

"எனக்கு வய்யா அக்கா. நான் திங்கக்கெழம கொல்லத்துக்குப் போறேன். இந்தச் சபையில உள்ளவிய எல்லாரும் சிரிச்ச சாதனம்."

"சிரிச்சவிய ஒருத்தரும் தின்னல்ல பிள்ளே" என்றாள் சத்தியபாய் எழுந்து. "தின்னவ நான் ஒருத்தி. அவியளுக்க சிரிப்ப நீ மனசுல வைப்பா, எனக்க பேச்ச வைக்கமாட்டியா? போ, போயி கொட்ட ஒடை. ஒனக்க இஷ்டம்."

குடையை விரித்துக்கொண்டு இறங்கினாள். அந்தத் துண்டைத் திரும்ப எடுத்துப் போகவில்லை.

மினி அடுக்களை மூலையில் புத்தகத்தோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மெல்ல வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள்.

"அம்மா போவாண்டாம்."

"நான் போனா ஒனக்கு நல்லதுதானே. நாணக்கேடு இல்ல."

"என்னம்மா?"

"நீ சிரிச்சத நான் கண்டேன் மக்கா."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கிணற்றில் வாளி விழுந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள். மினிக்குக் காது சிவந்தது. வார்த்தைகள் உடைந்து உடைந்து வந்தன.

"எல்லாரும் சிரிச்சாவம்மா. நான் மட்டும் சிரிக்காம நின்னா, இவளுக்க அம்மைக்க கேக்காக்கும்னு எல்லாரும் என்னப் பாப்பாவன்னு... அதான் சிரிச்சேன். எனக்குச் சிரிப்பு வரல்ல."

ஆனந்தபாய் மகளைப் பார்த்தாள். எலியா சொன்னதை அவள் மறுநாளே பொறுத்துக்கொண்டிருப்பாள். ஊர் சிரித்ததையும் பொறுத்திருப்பாள். இந்த வாரம் முழுக்க அவளை அறுத்துக்கொண்டிருந்தது அந்தத் தாவணி நுனிதான். இப்போது அந்தத் தாவணிக்குப் பின்னால் இருந்தது பயம் என்று தெரிந்தது. பயந்த பிள்ளையிடம் எப்படிக் கோபப்படுவது?

"முகத்தக் கழுவு" என்றாள். "மழையில நனைஞ்ச பூன மாதிரி நீ இருக்கா."

அதே நேரம் ராஜதாஸ் பனச்சமூடு ரோட்டில் எலியாவின் கடையில் நின்றிருந்தான். மழைக்கு ஒதுங்க வந்ததாகத்தான் எலியா நினைத்தார். ஒரு கட்டு வயரைச் சுற்றிக்கொண்டே "இரிலே, சாயா குடிக்கியா" என்றார்.

"வேண்டாம்ணே. ஒரு காரியம் சொல்ல வந்தேன்."

"பறை."

ராஜதாஸ் தலைத்துண்டை அவிழ்த்துப் பிழிந்தான். திரும்பக் கட்டினான். திரும்ப அவிழ்த்தான்.

"நீங்க அண்ணைக்கு ஆலயத்து லேலத்துல சொன்னது கொள்ளாதுண்ணே."

எலியாவின் கை நின்றது. ராஜதாசின் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை அவர் அதுவரை கேட்டதில்லை.

"எதுலே? கேக்கா? நான் எல்லாத்தையும் களியாக்குத ஆளுல்லியா. எனக்க வீட்டுக்காரி கொண்டு வந்த பப்படத்த, மழைக்குக் கூரையில போடலாம்னு சொன்னேனே. அவளும் நின்னு சிரிச்சா."

"அவிய சிரிப்பாவ. அவியளுக்குப் பப்படம் வித்துக் கஞ்சி குடிக்கண்டாம். இவ அத நம்பி இருந்தா. இப்ப கொல்லத்துக்குப் போறா. மாசத்துல ஒருக்காத்தான் வருவாளாம்."

எலியா வயரைக் கீழே வைத்தார். வெளியே ஒரு பஸ் சேற்றை வாரி அடித்துக்கொண்டு போனது.

"நான் அத யோசிக்கல்லலே" என்றார் கடைசியில். "அண்டியாப்பீசுன்னதும் வாயில வந்துட்டு. வந்ததச் சொல்லிட்டேன். ஞாயிற்றுக்கெழம ஆராதன களிஞ்சு மைக்குல நானே மாப்பு சொல்லுதேன்."

"மைக்கு வேண்டாம்ணே" என்றான் ராஜதாஸ் பதறி. "அவ செத்துப்போவா."

மறுநாள் காலை எலியா சைக்கிளில் வந்தார். பின்னால் ஒரு சாக்கு. ஆனந்தபாய் முற்றத்தில் பெருக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அவர் சாக்கை இறக்கிச் சுவரோரம் வைத்தார்.

"தங்கச்சி, இது கொஞ்சம் செரட்டையாக்கும். கடைக்குப் பின்ன கிடந்தது. நனையல்ல."

"எதுக்கு?"

"கனலுக்கு. மழையில காஞ்ச செரட்ட கெடைக்காது."

"நான் இனிச் சுடல்ல அண்ணே."

"செரி. வெந்நி வைக்கலாம்" என்றார் எலியா. போகத் திரும்பினார். பிறகு நின்றார். ஊர் முழுக்கக் கேட்கும் அந்தக் குரல் இப்போது பக்கத்தில் நிற்பவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. "எனக்க வாய்க்கு ஒரு மூடி இல்லாம போச்சு தங்கச்சி. ஒனக்க மனசு நோவும்னு அப்ப நான் யோசிக்கல்ல. மன்னிக்கணும்."

அவள் பெருக்குமாறைக் கையில் பிடித்தபடி நின்றாள். "சாயா குடிச்சுட்டுப் போங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து கஞ்சி குடித்ததும் அவள் ஒன்றும் சொல்லாமல் வாழைமூட்டு மணலை வாரி அரித்தாள். ராஜதாஸ் அதைக் கண்டு, ஒன்றும் கேட்காமல், சருவத்தைத் தேய்த்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கடைக்குப் போய் மைதாவும் முட்டையும் வாங்கி வந்தான். மூலையில் கொல்லத்துக்குக் கட்டிய பை அப்படியே இருந்தது. அதை ஒருவரும் தொடவில்லை.

மினி முட்டையை மத்தால் கடைந்தாள். கை கடுத்தபோது ராஜதாஸ் வாங்கிக் கடைந்தான். ஆனந்தபாய் கேக்குக்கு நிறம் வரச் சீனியைக் கரித்துத் தண்ணீர் விட்டாள். வீடு முழுக்க அந்த மணம் பரவியது. கராம்பை எடுத்தவள், பாதியைத் திரும்ப டப்பாவில் போட்டாள். மணலை ஒரு சாண் கொட்டி, பாத்திரத்தை இறக்கி, மூடி, சிரட்டைக் கனலை அடியில் குறைத்து மேலே கொஞ்சம் கூட்டி வைத்தாள். கிழக்கே இடி உருண்டது. காற்று வந்தபோது மூன்று பேரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து மறைத்துக்கொண்டார்கள்.

"போதுமா?" என்றான் ராஜதாஸ்.

"எனக்குத் தெரியாது. இந்தத் தடவ நானும் புதுசாத்தான் செய்யுதேன்."

இறக்கியபோது மழை பிடித்துவிட்டது. கேக் பொன்னிறமாக எழும்பியிருந்தது. கவிழ்த்தார்கள். அடியும் அதே நிறம். ராஜதாஸ் வாயைத் திறந்தான். மனைவியைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

ஆனந்தபாய் ஆறவிட்டு நடுவில் அரிந்தாள். ஒரு துண்டை மகளிடம் கொடுத்தாள்.

"சத்தியபாய் அக்காவுக்குக் குடுக்குததுக்கு முன்ன நீ தின்னு. உள்ளதச் சொல்லணும்."

மினி கடித்தாள். மென்றாள். அவள் கண்கள் அப்பாவிடம் போயின. அப்பா கூரையைப் பார்த்தான். பிள்ளைக்கு உதவ அங்கே யாரும் இல்லை.

"அடி கரியல்ல" என்றாள். "கராம்பு இப்ப செரியா இருக்கு. ஓரத்துல நல்லா இருக்கும்மா. நடுவுல..." இன்னொரு தடவை மென்றாள். "நடுவுல வேகல்லம்மா. மாவு பல்லுல ஒட்டுது."

ராஜதாஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

ஆனந்தபாய் மகளின் கையிலிருந்த துண்டை வாங்கி நடுப்பகுதியை விரலால் அழுத்தினாள். விரல் பதிந்தது. கறுத்த விரல் நுனியில் ஒட்டிய மாவை நாக்கில் வைத்துப் பார்த்தாள். அவள் முகத்தில் என்ன வரப் போகிறது என்று இருவரும் காத்திருந்தார்கள். நெற்றி சுருங்கியது. சுருங்கியது யோசனையில்.

"மேல கனலு போதல்ல" என்றாள். "மணலு கூட்டினதுல அடிச் சூடு கொறஞ்சு போச்சு. அப்ப மேல இன்னும் வேணும். இல்லன்னா பாத்திரம் சின்னதாக்கணும்." மகளின் தலையில் மெல்லத் தட்டினாள். "நீ நல்லா பாத்துச் சொன்னா மக்கா."

முற்றத்தில் கால் சத்தம் கேட்டது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஜெயதாஸ் ஓடி வந்து திண்டில் ஏறினான். நாளைக்கு வருகிறவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வருகிறான்.

"மைனி, வண்டி விடியதுக்கு முன்ன வந்துரும். ஓமனா வீட்டு முக்குல வந்து நின்னாப் போதும். பையெல்லாம் கெட்டியாச்சா?"

ஆனந்தபாய் மீதி மாவை அளந்துகொண்டிருந்தாள். முழங்கை வரை மைதா. நிமிர்ந்து பார்த்து, முகத்தில் விழுந்த மயிரைப் புறங்கையால் தள்ளிவிட்டாள்.

"இரி ஜெயதாசே, ஓரத்துல உள்ளத ஒரு துண்டு தின்னு. நான் வரல்ல."

"வரல்லியா? என்ன மைனி, பேரு குடுத்தாச்சே. என்னாச்சு?"

"எனக்க கேக்கு நடுவுல வேகல்ல" என்றாள் அவள். பிறகு அடுப்பின் பக்கம் திரும்பி, "மினி, இன்னும் நாலு செரட்ட எடுத்துப் போடு" என்றாள்.